முதலாளியின் பெனால்டி

"உட்காருய்யா கிழவா! என் பையனை ஆட விடு!"

ஹினெக் போட்ட கூச்சலில் கையிலிருந்த பீர் முன்வரிசைக்காரர் முதுகில் கொட்டியது.

ஹினெக்கின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சீசனின் கடைசி ஐஸ் ஹாக்கி ஆட்டம். தோற்றால் எங்கள் ஊர் அணி இரண்டாம் லீகுக்கு இறங்க வேண்டியதுதான். ஆட்டம் சமனில் நின்று பெனால்டிக்கு வந்துவிட்டது. பிராக் அணி தன் கடைசி பெனால்டியை கோலாக்கிவிட்டது. இனி நாங்கள் போட்டால் உயிர் இருக்கும். தவறினால் கதை முடிந்தது.

கோச் ராடிமைத்தான் கை காட்டினார். ஹினெக்கின் மகன். இந்த சீசனில் அணிக்கு அதிக கோல் போட்டவன்.

பெஞ்சில் ஏதோ பேச்சு நடந்தது. அப்புறம் ராடிமின் தோளை அழுத்திவிட்டு, லூபோர் வாவ்ரா ஐஸில் இறங்கினார்.

வாவ்ராதான் அணியின் முதலாளி. வயது நாற்பத்தேழு. எங்கள் ஊரில் பிறந்து, அமெரிக்காவில் பல வருஷம் ஆடி, பேர் வாங்கியவர். இழுத்து மூட இருந்த அணியைத் திரும்பி வந்து வாங்கினார். ஆள் குறைந்தால் அவரே மட்டையோடு இறங்கிவிடுவார்.

"கத்தாதீங்க. அவர் ஆடாத ஆட்டமா?" என்று ஹினெக்கின் மனைவி பிளாங்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அது அந்தக் காலம்டி! இப்போ அந்த முட்டி மடங்குமா? நாளைக்குப் பேப்பர்ல போட்டோ வரணும், அதான்!"

வாவ்ரா 'பக்' என்கிற ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். இடது பக்கம் போக்குக் காட்டி வலது பக்கம் அடித்தார். கோல்கீப்பரின் காலில் பட்டுத் தெறித்தது பக்.

அவ்வளவுதான். பீர் கோப்பைகள் ஐஸில் வந்து விழுந்தன. "அணியை வித்துட்டுப் போ!" என்று அரங்கமே கத்தியது. வாவ்ரா ஹெல்மெட்டைக் கழற்றி, கூட்டத்துக்கு முன்னால் தலைகுனிந்து நின்றுவிட்டு உள்ளே போனார்.

உடை மாற்றும் அறை வாசலில் நிருபர்கள் அவரை மடக்கினார்கள்.

"ஆசைப்பட்டேன், தவறிட்டேன். தோல்விக்கு நான் ஒருத்தன்தான் காரணம்" என்றார் வாவ்ரா. "ஆகஸ்ட்ல மறுபடி பயிற்சி. ஒரே வருஷம். மேலே வந்தே தீருவோம். எழுதிக்குங்க."

ஹினெக் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வெட்கமா இல்லையாய்யா உனக்கு? வாங்கின பேரு போதாதா? என் பையன் வாய்ப்பையும் பிடுங்கணுமா?"

"தப்புதான் அண்ணே."

"அண்ணனும் வேண்டாம், தம்பியும் வேண்டாம்! அவன் இனிமே உன் அணியில ஆட மாட்டான்!"

"அப்படிச் சொல்லாதீங்க. அடுத்த வருஷம் அவனைத்தான் கேப்டனாக்கப் போறேன்."

"பார்த்தீங்களா, லஞ்சம் கொடுக்கிறான்!"

அறைக் கதவு திறந்தது. ராடிம் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது.

"அப்பா, நிறுத்துங்க."

"ராடிம், நீ போய்க் குளி. வாயைத் திறக்காதே" என்றார் வாவ்ரா அவசரமாக.

"இல்ல சார், சொல்லிடறேன்." ராடிம் அப்பாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். "கோச் கூப்பிட்டப்போ பயந்துட்டேன்ப்பா. என்னால முடியாதுன்னுட்டேன். மத்தவங்களையும் கேட்டார், ஒருத்தனும் தலை நிமிரலை. 'நான் போறேன். தவறினா என் பேராசைன்னு ஊர் என்னையே திட்டட்டும், இவங்க இன்னும் பல வருஷம் ஆடணும்'னு எழுந்து போனது இவர் ஒருத்தர்தான்ப்பா!"