அதே ஆணி

இரண்டு நகருக்கும் நடுவே ஒரு தார்ச்சாலைதான். மருதம் நகரில் வீடு காட்டியவர், "மழைத்தண்ணி அந்தப் பக்கம்தாம்மா நிக்கும்" என்றார். ஆனால் அவர் வீட்டில் பிளக் பாயிண்டெல்லாம் ஆளுயரத்தில் இருந்தன. தமயந்தி கணவனோடும் சின்ன மகளோடும் சாலையைக் கடந்து குறிஞ்சி நகருக்கு வந்தாள்.

"இங்க ஏதும்மா தண்ணி? எல்லாம் அங்கதான்" என்று சிரித்தாள் வீட்டுக்காரம்மா. பிளக்குகள் முழங்கால் உயரத்தில்தான் இருந்தன. சுவரெல்லாம் புதுப் பெயிண்ட் வாசம்.

"இதையே முடிச்சிரலாம்" என்று கணவன் காதைக் கடித்தான். அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"சாமியக் கும்பிட்டுக்கம்மா" என்றாள் வீட்டுக்காரம்மா.

சுவரில் பழைய முருகன் படம். தூக்கிப்போட மனசு வராமல், பெயிண்ட் அடித்த கையோடு அதே ஆணியில் திரும்ப மாட்டியிருந்தார்கள். கண்ணாடிக்குள்ளே முருகனின் கழுத்துவரை சேற்றுக்கறை.

தமயந்தி மகளை இழுத்துப் படத்தருகே நிறுத்தினாள். கறை குழந்தையின் தலைக்கு மேலே இருந்தது.