சுற்றுக்கு ஒரு பெயர்

"எட்வினா, கார்னா நாலு சக்கரமும் தரையில இருக்கணும்னு யாருமே உனக்குச் சொல்லித்தரலையா மாப்ள?"

டஸ்டி தடத்துக்குள் ஓடி, மல்லாந்து கிடந்த நீலக் காரைப் புரட்டி நிறுத்தினான். இரண்டு குழுக்கள் மாறி மாறிப் பந்தயம் விடும். ஒரு குழு ஓட்டும்போது மற்றக் குழு வளைவுகளில் நின்று, கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும். பெண்டிகோ ஊர் ரிமோட் கார் கிளப்பின் சட்டம் அது. டஸ்டி அந்த நீலக் காரை நிமிர்த்தியது அன்று காலையிலிருந்து ஆறாவது தடவை.

மேடையில் ரிமோட்டோடு நின்ற ஃபெர்கஸ் கையை உயர்த்தினான். "தேங்க்ஸ், டஸ்டி."

"தேங்க்ஸை வெச்சு நான் என்ன பண்றது? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு, எட்வினா."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்கஸும் சிரித்தான்.

நேரம் குறிக்கும் அறையில் இருந்த நெரிடாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு காருக்குள்ளும் நகம் அளவுக்கு ஒரு மின்னணுச் சில்லு உண்டு. கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அவளுடைய கணினி அந்தச் சில்லின் எண்ணைப் படித்து, அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயரையும் சுற்றுக்கு ஆன நேரத்தையும் ஒலிபெருக்கியில் சொல்லும். ஃபெர்கஸ் கொண்டுவந்தது ஏற்கெனவே வேறொருவர் ஓட்டிய பழைய கார். முதல் ஞாயிறே ஒலிபெருக்கி, "எட்வினா, ஐம்பத்திரண்டு நொடி" என்று அறிவித்தது. டஸ்டி அந்தப் பெண் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஒரு மாதத்தில் கிளப்பில் எல்லோருக்கும் ஃபெர்கஸ் எட்வினா ஆகிவிட்டான்.

புதிதாகச் சேர்கிறவர்கள் எப்படிப் போவார்கள் என்று நெரிடாவுக்குத் தெரியும். போன வருடம் ஏழு பேர் வந்தார்கள். நாலு தடவை கவிழ்ந்து, இரண்டு தடவை கிண்டல் கேட்டு, சொல்லாமல் நின்றுவிட்டார்கள். ஃபெர்கஸ் இன்னும் ஒரு பந்தயத்தைக்கூட ஐந்து நிமிடமும் முழுதாக ஓட்டி முடித்ததில்லை. இவனையாவது விட்டுவிடக் கூடாது என்று அவள் நினைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில், ரொட்டியில் மடித்த சாசேஜ் இரண்டை எடுத்துக்கொண்டு அவன் மேசைக்குப் போனாள். அவன் முன்சக்கரத்துத் திருகை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"கார் உன்னை விட்டுத் தள்ளிப் போறப்போ நல்லாத்தான் ஓட்டுற. திரும்பி உன்னைப் பாத்து வர்றப்பதான் கோட்டை விடுற."

"இடம் வலமாயிடுது நெரிடா. மூளைக்குப் புரியுது, கைக்குப் புரியல."

"மேடையில இருந்து பாக்காத. காருக்குள்ளயே உக்காந்து ஓட்டுறதா நினைச்சுக்கோ. அப்புறம் குழப்பமே வராது."

ஃபெர்கஸ் அந்தக் காரின் சின்னக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றான். "தேங்க்ஸ்."

"அப்புறம், டஸ்டி சொல்றதை மனசுல வெச்சுக்காத. பேரை மாத்துறது ஒரு நிமிஷ வேலை. மாத்திடட்டுமா?"

"இருக்கட்டும். அவசரமில்ல."

கூச்சப்படுகிறான் என்று நெரிடா நினைத்துக்கொண்டாள். அடுத்த பந்தயத்துக்கு முன் அறைக்குள் போனதும், அவனிடம் சொல்லாமலே பெயரை மாற்றினாள். முதன்முதலாக முழுப் பந்தயமும் ஓட்டப்போகிறவன், சொந்தப் பெயரிலேயே முடிக்கட்டும்.

நீலக் கார் கிளம்பியது. தள்ளிப் போனது. திரும்பி மேடையைப் பார்த்து வந்தது. எப்போதும் கவிழ்கிற அந்த வளைவை, ஒரு பிசகும் இல்லாமல் எடுத்தது. நெரிடா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கார் கோட்டைத் தாண்டியது.

"ஃபெர்கஸ், முப்பத்தெட்டு நொடி."

"யாருடா அது ஃபெர்கஸ்?" என்றான் வளைவில் நின்ற டஸ்டி.

நீலக் கார் நேர்ப்பாதையின் நடுவில் நின்றது. பின்னால் வந்த இரண்டு கார்கள் அதில் மோதிப் புரண்டன. டஸ்டி ஓடிவந்து மூன்றையும் நிமிர்த்தினான். மற்ற இரண்டும் போய்விட்டன. நீலக் கார் நகரவில்லை. மேடையில் ஃபெர்கஸ் தடத்தைப் பார்க்கவில்லை, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்தயம் முடிந்ததும் அவன் அறைக்கு வந்தான்.

"கோவமா?" என்றாள் நெரிடா.

"இல்ல. எனக்கு நல்லது பண்ணணும்னுதான பண்ணீங்க. ஆனா, பழையபடியே மாத்திடுங்களேன்."

"எதுக்கு? உனக்குக் காரை வித்த எவளோ ஒருத்தி பேரு அது. அதை எத்தனை நாளைக்குச் சுமப்ப?"

"யாரும் விக்கல. அது எட்வினாவோட கார்தான். பல்லாரட் ஊர் கிளப்ல ஓட்டிட்டு இருந்தா. என் மனைவி."

"அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" நெரிடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமை அவளையும் கூட்டிட்டு வா. அந்தக் கூத்தை டஸ்டி பாக்கணும்."

ஃபெர்கஸ் ரிமோட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"மார்ச்ல இறந்துட்டா, நெரிடா. அதுக்கப்புறம் வீட்ல அந்தப் பேரை யாரும் சொல்றதில்ல. எனக்கு வருத்தமாயிடுமாம். அம்மாகூட வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிடுறாங்க. இங்க மட்டுந்தான் கத்திக் கூப்பிடுறீங்க."

நெரிடா கணினிப் பக்கம் திரும்பி, ஃபெர்கஸ் என்பதை அழித்துவிட்டு எட்வினா என்று தட்டினாள்.

வெளியே டஸ்டியின் குரல் கேட்டது: "எட்வினா, அடுத்தது என் பந்தயம். வளைவுல வந்து நில்லு மாப்ள. என் கார் கவிழ்ந்தா யார் தூக்குறது?"

ஃபெர்கஸ் கதவுப் பக்கம் திரும்பி, எப்போதும்போலக் கையை உயர்த்தினான்.

"தேங்க்ஸ், டஸ்டி."