பௌஹவுஸ் சன்னல்

ஒரு வீட்டுச் சன்னலுக்கு மேலே சன்ஷேடு ஒன்று இருந்தது. வெயிலையும் மழையையும் அது தன் முதுகில் வாங்கிக்கொள்ளும். ஒருநாள் புதிய வீட்டுக்காரரும் பொறியாளரும் வாசலில் நின்று பேசியதைக் கேட்டதிலிருந்து சன்னலுக்குத் தலைகால் புரியவில்லை.

“அண்ணே, இனிமே நம்ம வீடு பௌஹவுஸ்!” என்றது சன்ஷேடிடம்.

“பாகஸா? அப்படின்னா?”

“பௌ-ஹவுஸ். ஜெர்மன் சொல்லு. கலையும் கட்டடமும் சொல்லிக்கொடுத்த ஒரு பள்ளியோட பேரு. இப்போ அலங்காரமில்லாத வெள்ளை வீட்டையெல்லாம் அப்படித்தான் சொல்றாங்க.”

“அதுல நான் இருப்பேனா, தங்கச்சி?”

சுவர் மொட்டையாக இருக்க வேண்டும் என்று பொறியாளர் சொன்னது சன்னலுக்குத் தெரியும்.

“முதல்ல பேரை ஒழுங்கா சொல்லுங்க, அண்ணே.”

ஒழுங்காகச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, சன்ஷேடு இரவெல்லாம் சொல்லிப் பார்த்தது. காலையில் சம்மட்டி வந்தது. உடைந்த துண்டுகளை வாசல் பள்ளத்தில் போட்டு மிதித்தார்கள்.

ஐப்பசி மழை நேராகச் சன்னலில் அடித்தது. மரச்சட்டம் உப்பி, கதவைச் சாத்த முடியவில்லை.

பள்ளத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. “ரொம்ப நனையுறியா, தங்கச்சி? அந்த பாகஸ்...”

“பௌஹவுஸ்” என்று திருத்தியது சன்னல், வாயெல்லாம் தண்ணீரோடு.