எட்டாவது விமானம்

ஏழாவது விமானமும் அழுதது.

பிளாஸ்டிக் இறக்கை நுனியில் சாயம் திரண்டு, ஒரு கணம் யோசித்து, ஒரே கோடாகக் கீழே வழிந்தது.

"இதுவும் மூக்கைச் சிந்திடுச்சா?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மனைவி.

சுற்றறிக்கை அதை ஓரமாகத் தள்ளிவைத்தார். அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். தண்ணீர் குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைப்பது எப்படி என்று மூன்று பக்கத்துக்குச் சுற்றறிக்கை விட்ட கண்காணிப்பாளரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

வீட்டுச் சுவரிலும் ஒன்று ஒட்டியிருந்தார். முதலில் காற்று, பிறகு சாயம். நிறுத்தும்போது முதலில் சாயம், பிறகு காற்று. தூரம் நாலு விரல். சாயம் பால் பதம். தவறாமல் பின்பற்றவும். கீழே தேதியும் கையொப்பமும்.

பின்பற்ற வேண்டிய ஊழியர் இந்த வீட்டில் ஒரே ஒருவர். அவர் ஏழு முறை மீறியிருந்தார்.

காலையிலிருந்து கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. அதன் காற்றில் சாயம் பீய்ச்சும் ஏர்பிரஷ் என்னவோ பேனா மாதிரிதான் இருந்தது. பேனா சொன்னபடி கேட்கும். இது மேலதிகாரி மாதிரி, தனக்குத் தோன்றும்போது துப்பியது.

நாளை திங்கட்கிழமை. நான்கு மாத விடுப்பு முடிந்து அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். நாலாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள், எண்பது கண்கள்.

"அந்த ரோஸ் கலரோட நான் போகமாட்டேன். ராஜினாமா எழுதிடுவேன்" என்று போன மாதமே சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

அலமாரிப் பெட்டிக்குள் இருப்பது ஒன்றே ஒன்று. பிளாஸ்டிக் விமானம் அழுதால் ஸ்பிரிட்டில் கழுவிவிடலாம். அதைக் கழுவ முடியாது. ஸ்பிரிட் பட்டால் மேற்பரப்பு கரைந்துவிடும் என்று கொடுத்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். அதனால்தான் விமானங்கள். அதனால்தான் ஏழு.

ஐந்தாவதை யோசனை கேட்பதற்காகக் கடைக்கு எடுத்துப் போயிருந்தார். பொம்மைக் கிட் விற்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கு முதல் வால் வரை மாநிறம். இறக்கையில் மெல்லிய டேப் சுற்றி, உரித்த இடத்தில் வெளிறிய ஒரு பட்டை.

"எந்த நாட்டு விமானப்படை சார் இது?"

"அது ரகசியம்" என்று முப்படைத் தளபதி தோரணையில் சொல்லிவிட்டு வெளியே வந்தார். படி தடுக்கியது.

இப்போது எட்டாவதை எடுத்தார். சாயத்தைக் கலக்கி, மனைவியின் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். மஞ்சள் ஒரு துளி சேர்த்து மறுபடி வைத்தார்.

"நான் என்ன பரிசோதனைக் கூடமா?" என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

அவர் விசையை அழுத்தப் போனபோது, "நில்லுங்க" என்றாள். "நீங்க ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடறீங்க."

உண்மைதான். முப்பது வருடமாகக் கையெழுத்தின் அடியில் கோடிழுத்து, கோட்டின் முடிவில் நிறுத்தி, அழுத்தி இரண்டு புள்ளி வைத்த விரல் அது. இறக்கை நுனி வந்ததும் நின்று அழுத்தியது. அழுத்திய இடத்தில்தான் ஏழும் அழுதன.

"கரும்பலகை அழிக்கற மாதிரி போகணும். பலகைக்கு வெளியில ஆரம்பிச்சு, வெளியில முடிக்கணும். நடுவுல நிக்கவே கூடாது."

செய்துகாட்ட அவளுடைய வலது தோள் எழுந்தது. சால்வைக்குள் அப்படியே நின்றது. பிறகு இடது கை எழுந்து, பழக்கமில்லாமல், காற்றில் துடைத்துக் காட்டியது.

அவர் குனிந்து முகமூடியைச் சரிசெய்துகொண்டார். தேவையைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

அவள் இடது கையின் நாலு விரலை இறக்கைக்கும் ஏர்பிரஷ் நுனிக்கும் நடுவே வைத்துத் தூரம் அளந்துவிட்டு எடுத்தாள். அவர் வெளியே ஆரம்பித்தார். வெளியே முடித்தார். கண்ணாடிமேல் மூச்சுவிட்டதுபோல் சாயம் படிந்தது.

அழவில்லை.

விமானத்தின் அடிவயிற்றுக்கு வெளிறிய நிறம். மூட்டுகளுக்கு ஒரு சொட்டுக் கருமை. இரண்டும் அழவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள்.

பெட்டிக்குள் பஞ்சின்மேல் ஒரு வலது கை படுத்திருந்தது. விரல்கள் லேசாக மடங்கி, சாக்பீஸ் கேட்பதுபோல. ரோஸ் நிறம். மூடியில் 'இயற்கையான தோல் நிறம்' என்று அச்சிட்டிருந்தார்கள். யாருடைய இயற்கை என்று அச்சிடவில்லை.

அவர் மோதிர விரலின் அடியில் மெல்லிய டேப்பைச் சுற்றினார். மணிக்கட்டுக்கு வெளியே ஆரம்பித்தார். விரல் நுனிக்கு வெளியே முடித்தார். உள்ளங்கைக்கு வெளிறியது. கணுக்களுக்குக் கருமை.

காய்ந்ததும் டேப்பை உரித்தார். சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே வெளுத்த ஒரு வளையம். இருபத்திரண்டு வருடம் மோதிரம் கிடந்த தடம்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல மோதிரத்தைத்தான் போடப்போறோமே. அடியில இருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?"

"கோப்புன்னா முழுசா இருக்கணும்" என்றார் முகமூடிக்குள்ளிருந்து, கண்காணிப்பாளர் குரலில்.

குரல் நடுவில் உடைந்தது. இந்த முறை மூக்கைச் சிந்தியது விமானம் அல்ல.