ஐந்தாவது குப்பி

ஆய்வுக்கூடத்து மேசையில் ஐந்தாவது குப்பி காத்திருந்தது. கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னப் புரதம் ஒன்று அதனிடம் வரவேண்டும். கடைசியாக ஒருமுறை கழுவிய பிறகு, இயந்திரம் அதன் அமினோ அமிலங்களை எழுத்துகள் போல வரிசையாகப் படித்து அது யாரென்று சொல்லிவிடும். அதற்குப் போதுமான அளவு மிஞ்சவேண்டுமே என்பதுதான் கவலை.

திரவத்தை உறிஞ்சி இடம் மாற்றும் குழாயான பிப்பெட், அலுப்போடு வந்து புரதம் கலந்த துளியை இறக்கியது.

"இவ்வளவுதானா அக்கா?" என்றது குப்பி.

"கிளம்பும்போது நிறைய இருந்துச்சும்மா. கழுவக் கழுவ ஒவ்வொரு குப்பியா மாத்தினேன். நாலு பேரும் கொஞ்சம்தானேன்னு சுவர்ல ஒட்டவச்சுக்கிட்டாங்க. நீயாவது விட்டுடு. எனக்கு அலைஞ்சு அலைஞ்சு ஓஞ்சுபோச்சு."

"அவங்கள மாதிரி இல்லக்கா நான்."

துளியும் களைத்துத்தான் வந்திருந்தது. குப்பியின் அடியில் சுருண்டு அசையாமல் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் குப்பிக்கு மனசு கேட்கவில்லை. 'ஆண்டவனே, விட்டுக்கொடுக்க எனக்குத் தெம்பு கொடு' என்று வேண்டிக்கொண்டது. பிப்பெட் திரும்பி வந்து உறிஞ்சியபோது குப்பியும் கொஞ்சத்தை மட்டும் சுவரோடு பிடித்துக்கொண்டது.

இயந்திரம் மூன்று எழுத்து படித்தது. அதற்குமேல் படிக்க ஒன்றும் இல்லாமல் நின்றுவிட்டது.

சாயங்காலம் ஐந்து குப்பிகளும் குப்பைக் கூடையில் கிடந்தன.

"நான் கொஞ்சம்தான் எடுத்தேன்," என்றது முதல் குப்பி.

"நானுந்தான்," என்றன மற்ற மூன்றும்.

ஐந்தாவது தன் சுவரில் ஒட்டியிருந்ததை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டது. அந்தக் கூடைக்குள் புரதம் அநேகமாக முழுசாகவே இருந்தது.