அக்காவின் முகம்

அக்கா போய்ச் சேர்ந்த பிறகு அவளுடைய போன் சுகந்தியிடம் வந்தது. முதல் நாள் கையில் எடுத்தபோது, அவள் முகத்தைப் பார்த்ததும் அது தயங்காமல் திறந்துகொண்டது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் ஐஸ்காரரும் இப்படித்தான் ஏமாந்து, “என்ன பிரபா, சேமியா ஐஸா?” என்பார். சுகந்தி திருத்தமாட்டாள், அக்காவாகவே வாங்கித் தின்பாள்.

நம்பர் போட்டும் போனைத் திறக்கலாம். அவள் போட்டதே இல்லை. தினமும் அக்காவைப் போல வகிட்டை இடப்பக்கம் ஒதுக்கி, பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டுதான் அதை எடுப்பாள். ஒவ்வொரு அப்டேட் முடிந்ததும் கண்ணாடியில் இன்னொரு முறை முகத்தைச் சரிபார்ப்பாள். இந்த முறை கண்டுபிடித்துவிடுமோ?

அன்று அக்கா மகள் கௌசி வந்திருந்தாள். போனைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“சித்தி, இதுக்கு இனிமே அப்டேட் வராதாம். கம்பெனிக்காரன் கைகழுவிட்டான். புதுசு வாங்கித் தரேன்.”

“அப்போ இது இனிமே புதுசா எதையும் கத்துக்காதா?”

“கத்துக்காது. இப்படியேதான் இருக்கும்.”

சுகந்தி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அக்காவுக்கு வராமலே போன நரை ஒன்று நெற்றியில் விழுந்து கிடந்தது. அதைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, போனை முகத்துக்கு நேரே தூக்கினாள்.