ஐந்து வெற்றுக் கட்டங்கள்

"செவ்வாய்க்கிழமை அஞ்சு கட்டம் காலியா இருக்கே? நான் லீவு போட்டா உனக்குக் கொண்டாட்டமா?" குடிநீர் நிலைய மேலாளர், தண்ணீரின் கலங்கலை மணிக்கொரு முறை குறிக்கும் பதிவேட்டை ஆய்வகப் பெண்ணின் முன் வீசினார்.

"அன்னிக்கு என்ன ஆச்சுன்னா சார்..."

"கதை அளக்காதே. தண்ணியில கலங்கல் எப்பவும் பாயிண்ட் ஒண்ணுதான். எழுது!"

"பார்க்காததை எழுத மாட்டேன்."

"நாமளா விரும்பிச் சேர்ந்த தரத் திட்டம். எவன் தோண்டித் துருவப் போறான்? எழுதலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"ஊரே குடிக்கிற தண்ணி சார். வேலை போனாலும் எழுத மாட்டேன்."

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஐந்து கட்டங்களையும் நிரப்பினார்.

மறுநாள் தரத் திட்டக் குழுவிலிருந்து சோதிக்க வந்த அம்மாள் பதிவேட்டைப் புரட்டினார். "செவ்வாய்க்கிழமைகூட ஒரு மணி நேரம் விடலையே!"

"கலங்கல் மீட்டரைப் பார்த்து மணிக்கு மணி எழுதிடுவோம் மேடம்." மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்படியா? அன்னிக்கு அஞ்சு மணி நேரம் உங்க மீட்டர் சோதனைக்காக எங்க ஆபீஸ்ல இருந்துச்சே. இந்தப் பொண்ணுதானே கழட்டிக் கொடுத்துச்சு? கட்டத்தைக் காலியா விட்டிருந்தா முழு மார்க் போட்டிருப்பேன்."

மேலாளர் ஆய்வகப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "வேற மீட்டர்ல பார்த்தோம்னு சொல்லும்மா!"

"இங்க இருக்கிறதே அந்த ஒரு மீட்டர்தான் மேடம்," என்றாள் அவள், சத்தமாக.